பகல் மருத்துவமும் இரவுச் சாட்சிகளும்: கவனக்குறைவுக் கோளாற்றில் உறக்கத்தின் வரலாறு

கவனக்குறைவு மிகை இயக்கக் கோளாறு என்று மருத்துவ எழுத்திலும், ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ஏடிஎச்டி என்று பேச்சிலும் குறிக்கப்படும் நிலை, ஒரு பணியில் மனத்தை நிறுத்த முடியாமை, அடங்காத உடலியக்கம், எண்ணிப் பார்ப்பதற்கு முன்பே செய்துவிடும் அவசரம் ஆகியவற்றைக் கொண்டு வரையறுக்கப்படுகிறது; இவை யாவும் வகுப்பறையிலும் அலுவலகத்திலும் பிறர் கண்ணில் படுபவை. இந்நிலை உள்ளவர்களில் மிகப் பலருக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. விளக்கை அணைத்துப் படுத்த பின்னும் ஒரு மணி, இரண்டு மணி நேரம் உறக்கம் வராமல் புரள்வது, ஓர் எண்ணம் அடுத்த எண்ணத்தை இழுத்து வர மனம் ஓய மறுப்பது, விடிந்த பின் எழ முடியாமல் தவிப்பது என அது இரவு முழுவதும் நீளும். ஆயினும் கோளாற்றின் வரையறையில் அதற்கு இடமில்லை. மருத்துவம் இதை ஒருபோதும் அறியாமல் இருந்தது என்று கூற முடியாது. கடந்த நூறாண்டுகளில் அது இந்த இரவை மூன்று முறை கண்டது. முதல் இரண்டு முறையும் கைநழுவ விட்டது. நோயின் இயல்பைக் காட்டிலும், நோயாளியை எந்த நேரத்தில் எந்த இடத்தில் யார் பார்த்தார்கள் என்பதே இதற்குப் பெரிதும் காரணமாயிற்று.

கவனம் நிலைகொள்ளாமையை ஒரு மருத்துவப் பொருளாக முதலில் எழுதியவர்களில் ஒருவர் ஜெர்மன் மருத்துவர் மெல்கியோர் ஆடம் வைகார்ட். 1775-இல் தம் பெயரைக் குறிப்பிடாமல் வெளியிட்ட நூலில் அவர் இத்தகையோரை விவரித்ததோடு, அளவுக்கு மீறித் துடிப்புள்ளவர்களை ஓசையிலிருந்து பிரித்துத் தனிமையில், இருட்டில் வைக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தார். 1798-இல் ஸ்காட்லாந்து மருத்துவர் அலெக்சாண்டர் கிரைட்டன், கவனம் என்னும் மனத்திறனுக்கே ஓர் இயலை ஒதுக்கி, பிறப்பிலேயே அது நிலைகொள்ளாதவர்கள் உண்டு என்றும், அவர்களைச் சிறு ஒலியும் சிறு அசைவும் அலைக்கழித்துவிடும் என்றும் எழுதினார். 1840-களில் ஃபிராங்க்ஃபர்ட் மருத்துவர் ஹெய்ன்ரிஷ் ஹாஃப்மன் குழந்தைகளுக்காக வரைந்து எழுதிய படக்கதைகளில், உணவு மேசையில் ஆடியாடி மேசைவிரிப்போடு அனைத்தையும் இழுத்துத் தள்ளும் பிலிப் என்னும் சிறுவன் இடம்பெற்றான். பிற்காலத்தார் இந்தக் கோளாற்றின் முதல் ஓவியம் என்று அவனையே காட்டினர். இம்மூன்றிலும் நிகழ்வுக் களம் பகலாகவோ மாலை விருந்தாகவோதான் இருக்கிறது. பிலிப் அன்றிரவு எப்போது உறங்கினான் என்பதை ஹாஃப்மன் வரையவில்லை.

1902-ஆம் ஆண்டில் லண்டன் அரச மருத்துவர் கல்லூரியில் ஜார்ஜ் ஸ்டில் என்னும் குழந்தை மருத்துவர் ஆற்றிய மூன்று சொற்பொழிவுகளே இந்தக் கோளாற்றின் அறிவியல் வரலாற்றுக்குத் தொடக்கமாக வழக்கமாகக் கொள்ளப்படுகின்றன. அவர் 43 குழந்தைகளைப் பற்றிப் பேசினார். அறிவுத்திறனில் குறையேதும் இல்லாதபோதும் தன்னைத் தானே கட்டுப்படுத்த இயலாத குழந்தைகள் உண்டு என்பதும், அது வளர்ப்பின் பிழையன்று, உடலியல் அடிப்படை உள்ளது என்பதும் அவருடைய வாதம். ஆனால் அவர் அதற்கு வைத்த சட்டகம் ஒழுக்கம் சார்ந்தது; கீழ்ப்படியாமை, சினம், பொய், திருட்டு என்னும் வரிசையில் உறக்கத்துக்கு இடம் கிடைப்பது அரிது. உறங்க மறுக்கும் குழந்தை அக்கால ஆங்கில இல்லத்தில் நோயாளியாகக் கருதப்பட்டிருக்காது. சொல் பேச்சுக் கேளாத குழந்தையாகவே கருதப்பட்டிருக்கும். படுக்கை நேரம் என்பது வீட்டுச் சட்டமாக இருந்த சமூகத்தில், அச்சட்டத்தை மீறுவது மருத்துவருக்கு உரிய செய்தியாகப் பெற்றோருக்குத் தோன்றாமல் போனதில் வியப்பில்லை.

இரவு மருத்துவத்தின் கண்ணில் முதல் முறை பட்டது ஒரு கொள்ளைநோயின் வழியாக. முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1917-இல் வியன்னாவில் கான்ஸ்டன்டின் ஃபான் எகோனமோ என்னும் நரம்பியலாளர், பல நாள், பல வாரம் என உறங்கிக்கொண்டே இருந்த நோயாளிகளைப் பற்றி அறிக்கை வெளியிட்டு, அந்நோய்க்கு என்செபலைட்டிஸ் லெதார்ஜிக்கா, அதாவது உறக்க மூளையழற்சி என்று பெயரிட்டார். மூளைத் திசு வீங்கிப் புண்படும் இந்நோய் 1920-களின் இறுதி வரை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பிற இடங்களிலும் பரவிப் பெருந்தொகையினரைக் கொன்றது; பிறகு, வந்த காரணம் தெரியாதது போலவே சென்ற காரணமும் தெரியாமல் மறைந்தது. பிழைத்தவர்களில் பெரியவர்கள் பலரைச் சில ஆண்டுகள் கழித்து உடல் விறைத்து அசைவிழக்கும் பார்க்கின்சன் நோயின் சாயல் பற்றிக்கொண்டது. குழந்தைகளுக்கு நேர்ந்தது வேறு. நோய்க்கு முன் அமைதியாக இருந்த பிள்ளை, குணமடைந்து வீடு திரும்பிய பின் ஓரிடத்தில் நில்லாமல், எதிலும் மனம் பதிக்காமல், அடிக்கடி வெடித்துச் சினந்து, பள்ளியிலிருந்து திருப்பி அனுப்பப்படும் பிள்ளையாக மாறியது.

பகலில் இப்படி இருந்த பிள்ளைகளுக்கு இரவில் உறக்கம் வரவில்லை. உறக்க நோய் என்று பெயர் பெற்ற ஒன்றின் பின்விளைவாகவே உறக்கமின்மை வந்தது அக்கால மருத்துவர்களைத் திகைக்க வைத்தது. 1920-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களான ஹாப், பிளாக்ஃபன் இருவரும் இதை மட்டுமே பொருளாகக் கொண்டு ஒரு கட்டுரை வெளியிட்டனர். மாலை மங்கத் தொடங்கியதும் இப்பிள்ளைகளின் துடிப்பு அடங்குவதற்கு மாறாகக் கூடியது. போர்வையை எறிவதும், எழுந்து நடப்பதும், பாடுவதும், சீழ்க்கை அடிப்பதும், ஓயாமல் பேசுவதுமாக நள்ளிரவைக் கடந்து, விடியும் தறுவாயில்தான் உறங்கினர். பிறகு பகல் வெளிச்சத்திலும் வார்டின் இரைச்சலிலும் எழுப்ப முடியாதபடி உறங்கினர். வழக்கமான உறக்க மருந்துகள் பெரும்பாலும் பலிக்கவில்லை. உறக்கம் அழிந்துவிடவில்லை, இரவிலிருந்து பகலுக்கு இடம் பெயர்ந்திருக்கிறது என்பதைக் கவனித்த மருத்துவர்கள் இதற்கு உறக்கத் தலைகீழாக்கம் என்று பெயர் கொடுத்தனர். 1922-இல் ஹோமன், 1923-இல் எபாஃ ஆகியோரின் அறிக்கைகளில் பகல் நேரத் துடிப்பும் இரவு நேர விழிப்பும் ஒரே நோயின் இரு முகங்களாக அருகருகே விவரிக்கப்பட்டன.

இந்த அருகாமை தற்செயலாக அமைந்ததன்று. இப்பிள்ளைகளை வீட்டிலும் பள்ளியிலும் வைத்துக்கொள்ள இயலாததால் அவர்களுக்கென்று தனி இல்லங்கள் தோன்றின: லண்டனின் வடபுறத்தில் வின்ச்மோர் ஹில் பகுதியில் இருந்த நார்தர்ன் மருத்துவமனையில் 1925-இல் நூறு படுக்கைகள் ஒதுக்கப்பட்டன, ஃபிலடெல்ஃபியாவில் பென்சில்வேனியா மருத்துவமனை பள்ளியும் விடுதியும் சேர்ந்த ஒரு பிரிவை நடத்தியது. இத்தகைய இடங்களில் பிள்ளைகள் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் தங்கினர். பகலில் பார்த்த ஆசிரியரும் இரவில் பார்த்த செவிலியரும் ஒரே நிறுவனத்தில் பணியாற்றினர்; எத்தனை மணிக்குப் பிள்ளை உறங்கியது என்பது, காய்ச்சலின் அளவைப் போலவே, மருத்துவர் காலையில் வந்து பார்க்கும் குறிப்பில் ஏறியது. நோயாளியின் இருபத்துநான்கு மணி நேரமும் மருத்துவத்தின் பார்வைக்குள் இருந்த அரிய காலம் அது. பெயர் தெரியாத அந்த இரவுப்பணிச் செவிலியர்களின் குறிப்புகளுக்கு இந்தக் கோளாற்றின் வரலாற்று நூல்கள் உரிய மதிப்பைத் தந்ததாகத் தெரியவில்லை.

ஃபான் எகோனமோ இதிலிருந்து மேலும் ஒரு படி சென்றார். இறந்தவர்களின் மூளையை ஆராய்ந்து, அளவு கடந்து உறங்கியவர்களுக்கு மூளையின் அடிப்புறத்தில் உள்ள ஹைபோதலாமஸ் என்னும் பகுதியின் பின்புறமும் நடுமூளையும் சேரும் இடத்திலும், உறங்க முடியாமல் தவித்தவர்களுக்கு அதே ஹைபோதலாமஸின் முன்புறத்திலும் புண் இருந்ததைக் கண்டார். உறக்கம் என்பது மூளை களைத்துத் தானாக ஓய்ந்துவிடும் நிலை என்று பலர் எண்ணியிருந்த காலத்தில், உறங்க வைக்கவும் விழிக்க வைக்கவும் தனித்தனி இடங்கள் உண்டு என்று அவர் வாதிட்டதும், 1929 இறுதியில் நியூயார்க்கில் அதைச் சொற்பொழிவாக வழங்கியதும் உறக்க அறிவியலின் அடித்தளங்களில் அடங்கும். உறங்கவிடாமல் தடுக்கும் ஒன்று மூளையில் இருக்கிறது என்பதைக் காட்டிலும், உறங்கச் செய்யும் ஒன்று பழுதாகலாம் என்னும் கருத்து ஆழமானது. முன்புற ஹைபோதலாமஸில் உறக்கத்தைத் தூண்டும் நரம்பணுக் கூட்டம் ஒன்றை 1996-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இனங்கண்டபோது அக்கருத்து உறுதிப்பட்டது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. 1920-களின் அப்பிள்ளைகளுக்கு மூளையில் கண்ணால் காணத்தக்க புண் இருந்தது. இன்று ஏடிஎச்டி என்று கண்டறியப்படுவோருக்கு அத்தகைய புண் இல்லை, பெரும்பாலோரிடம் அது மரபுவழி வரும் இயல்பு. இரண்டையும் ஒன்றாக்குவது தவறு. ஆயினும் அன்றைய மருத்துவம் இரண்டையும் ஒன்றாக்கியே சிந்தித்தது: மூளை புண்பட்ட பிள்ளை இப்படித் துடிக்கிறது என்றால், இப்படித் துடிக்கும் பிள்ளைக்கெல்லாம் மூளையில் எங்கோ ஒரு சிறு புண் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டியது. இந்தத் தருக்கப் பிழை அடுத்த முப்பது நாற்பது ஆண்டுகளை ஆண்டது. வேடிக்கை என்னவென்றால், புண் என்னும் ஊகத்தை அக்கொள்ளைநோயிலிருந்து எடுத்துக்கொண்ட மருத்துவம், அதே நோய் கண்கூடாகக் காட்டிய உறக்கமின்மையை எடுத்துக்கொள்ளவில்லை.

அக்கொள்ளைநோய்க்கும் இன்றைய மருந்துகளுக்கும் இடையே பாலமாக நிற்பது, அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ஈஸ்ட் பிராவிடன்ஸ் ஊரில் 1931-இல் திறக்கப்பட்ட எம்மா பெண்டில்டன் பிராட்லி இல்லம். தொலைபேசித் தொழிலில் பெரும் பொருளீட்டிய ஜார்ஜ் பிராட்லியின் ஒரே மகள் எம்மா ஏழு வயதில் மூளையழற்சி கண்டு வாழ்நாள் முழுவதும் முடங்கினாள். அத்தகைய பிள்ளைகளுக்காகத் தம் வீட்டையும் சொத்தையும் அவர் உயிலில் எழுதி வைத்தார். அவ்வுயிலால் எழுந்த இல்லத்தில் அவர் குடும்பத்தைச் சேர்ந்த சார்ல்ஸ் பிராட்லி மருத்துவராக இருந்தபோது, பிள்ளைகளின் மூளையைப் படம் எடுப்பதற்காக முதுகுத்தண்டிலிருந்து நீரை வடித்துக் காற்றை ஏற்றும் முறை கையாளப்பட்டது. அதன் பின் வரும் கடுந்தலைவலியைத் தணிக்க அவர் பென்சிட்ரின் என்னும் ஆம்பெட்டமின் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். தலைவலி பெரிதாகத் தணியவில்லை. ஆனால் சில பிள்ளைகள் பாடத்தில் திடீரென்று ஊன்றி அமர்ந்ததை ஆசிரியர்கள் கண்டனர். 1937-இல் 30 பிள்ளைகளுக்கு ஒரு வாரம் காலையில் அம்மருந்தைக் கொடுத்து, அவர்களில் 14 பேரிடம் படிப்பில் வியக்கத்தக்க மாற்றம் தெரிந்ததாக அவர் அறிவித்தார். பிள்ளைகளே அதைக் கணக்கு மாத்திரை என்று அழைத்தனர்.

பென்சிட்ரின் முன்னதாக எதற்குப் பயன்பட்டது என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். பகலில் கட்டுக்கடங்காத உறக்கம் வந்து தாக்கும் நார்கோலெப்சி என்னும் நோய்க்கு அது பலன் தருவதாக 1935-இல் பிரின்ஸ்மெட்டல், புளூம்பெர்க் என்னும் இரு மருத்துவர்கள் எழுதியிருந்தனர். விழிக்க வைக்கும் மருந்து துடிக்கும் பிள்ளையை அமைதிப்படுத்துகிறது என்றால், அப்பிள்ளையின் மூளை உண்மையில் போதிய அளவு விழித்திருக்கவில்லையோ என்னும் கேள்வி எழுந்திருக்க வேண்டும். பிராட்லி அதைத் தொட்டும் தொடாமலும் கடந்தார். பின்னர் வந்தவர்களும் அதை இரவோடு இணைக்கவில்லை. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் சீபா நிறுவனத்தின் வேதியியலாளர் லியாண்ட்ரோ பனிஸ்ஸோன் 1944-இல் ஆக்கிய மெத்தில்ஃபெனிடேட், அவர் மனைவி ரீட்டாவின் பெயரால் ரிட்டலின் என்று 1954 முதல் விற்பனைக்கு வந்தபோதும், களைப்பு, சோர்வு, நார்கோலெப்சி ஆகியவையே அதற்குரிய நோய்களாக முதலில் சொல்லப்பட்டன. குழந்தைகளின் துடிப்பு பிறகுதான் வந்தது.

இம்மருந்துகள் பரவியதும் உறக்கமின்மைக்கு எளிய விளக்கம் கிடைத்துவிட்டது. விழிப்பைக் கூட்டும் மருந்தை மாலையில் விழுங்கினால் உறக்கம் தள்ளிப்போகும் என்பது உண்மை. ஆகவே உறங்காத பிள்ளையைப் பற்றிப் பெற்றோர் முறையிட்டபோது அது மருந்தின் பக்கவிளைவு என்று குறிக்கப்பட்டு, மருந்தின் அளவோ வேளையோ மாற்றப்பட்டது. மருந்து தொடங்குவதற்கு முன் அப்பிள்ளை எப்படி உறங்கியது என்பதை அளந்து வைக்கும் வழக்கம் பெரும்பாலும் இல்லாததால், மருந்தால் வந்ததையும் முன்பே இருந்ததையும் பிரித்தறிய வழியில்லாமல் போயிற்று. தவறான பதிலைக் காட்டிலும் பாதி சரியான பதில் ஆராய்ச்சியை நெடுங்காலம் தடுத்துவிடும் என்பதற்கு இது நல்ல சான்று.

1950-களிலும் 1960-களிலும் இந்நிலை மிகச் சிறு மூளைச் சேதம் என்றும், சேதத்துக்குச் சான்று கிடைக்காதபோது மிகச் சிறு மூளைச் செயல் பிறழ்வு என்றும் அழைக்கப்பட்டது. 1966-இல் அமெரிக்க அரசின் பணிக்குழுவுக்காக சாம் கிளெமென்ட்ஸ் தொகுத்த அறிக்கை, அதுவரை மருத்துவ இலக்கியத்தில் இந்நிலைக்குச் சொல்லப்பட்ட அறிகுறிகளை ஏறத்தாழ நூறு என்னும் எண்ணிக்கையில் வரிசைப்படுத்தியது. அந்த நீண்ட வரிசையில் உறக்கத்துக்கு ஒரு தனித் தலைப்பே இருந்தது: உறங்கப் போக மறுத்தல், ஒழுங்கற்ற உறக்கம், உறக்கத்தில் மிகுதியாக அசைதல் போன்றவை அங்கே குறிக்கப்பட்டன. ஆனால் அடிக்கடி சுட்டப்படுபவை என்று அதே அறிக்கை பொறுக்கி எடுத்த பத்தில் உறக்கம் இல்லை. மிகை இயக்கம், கவனப் பிறழ்வு, அவசரம், கற்றல் குறைபாடு முதலியவையே இருந்தன. பிற்காலத்தார் அந்தப் பத்தைப் படித்தனர், நூறைப் படிக்கவில்லை. மருத்துவம் இரவை இரண்டாம் முறை கண்டதும் அந்த அறிக்கையில்தான், அதை நழுவ விடத் தொடங்கியதும் அதே அறிக்கையில்தான்.

அப்போது சாட்சியும் மாறியிருந்தார். விடுதி மருத்துவமனைகளின் காலம் முடிந்து, பிள்ளை வீட்டிலிருந்து பள்ளிக்கும் அங்கிருந்து ஆலோசனை அறைக்கும் வந்து போகும் காலம் பிறந்தது. கீத் கானர்ஸ் 1969-இல் வெளியிட்ட ஆசிரியர் மதிப்பீட்டுப் படிவம், வகுப்பறையில் பிள்ளையின் நடத்தையை எண்களால் அளக்கும் எளிய கருவியாக உலகெங்கும் பரவியது. மருந்து பலித்ததா இல்லையா என்பதையே அத்தகைய படிவங்கள் தீர்மானித்தன. ஆசிரியர் நேர்மையான சாட்சிதான், ஆனால் பள்ளி மணியோடு அவருடைய சாட்சியம் முடிந்துவிடும். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் வர்ஜீனியா டக்ளஸ் 1970-களின் தொடக்கத்தில் நடத்திய ஆய்வுகள், துடிப்பைக் காட்டிலும் கவனத்தை நீடித்து நிறுத்த முடியாமையே மையக் குறை என்று நிறுவின. அது பெரும் முன்னேற்றம். எனினும் பகலில், ஆய்வகத்தில், திரைக்கு முன் அமர்த்தி அளக்கப்பட்ட முன்னேற்றம்.

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1980-இல் வெளியிட்ட நோய்க் கையேட்டின் மூன்றாம் பதிப்பு, அதாவது டி.எஸ்.எம். மூன்று, இந்நிலைக்குக் கவனக்குறைவுக் கோளாறு என்று புதுப்பெயர் தந்து, மிகை இயக்கத்தைக் காட்டும் ஐந்து குறிகளுள் ஒன்றாக உறக்கத்தில் அளவுக்கு மீறி அசைதல் என்பதைச் சேர்த்தது. உறங்குவதற்குத் தவிப்பதை அது சொல்லவில்லை, உறங்கிய பின் புரள்வதைத்தான் சொன்னது. இருந்தாலும் கோளாற்றின் அதிகார வரையறையில் இரவு இடம்பெற்றது அந்த ஒரு வரியில் மட்டுமே. ஏழே ஆண்டுகளில், 1987-இன் திருத்தப் பதிப்பில், இன்று வழங்கும் ஏடிஎச்டி என்னும் பெயர் உள்ளே வர, அந்த வரி வெளியே போயிற்று.

நீக்கியவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. தலையிலும் கண்ணோரத்திலும் மின்முனைகளை ஒட்டி ஓரிரவு முழுவதும் உறக்கத்தைப் பதிவு செய்யும் ஆய்வகங்கள் அப்போது பெருகியிருந்தன. அங்கே இக்குழந்தைகளைப் பிற குழந்தைகளோடு ஒப்பிட்டபோது ஒரே சீரான வேறுபாடு எதுவும் தெரியவில்லை. பெற்றோர் ஏறத்தாழ ஒரே குரலில் முறையிட்டனர். கருவிகளோ அதை உறுதிப்படுத்தவில்லை. 1998-இல் கனடிய ஆய்வாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தபோதும் இந்த முரணே எஞ்சியது. ஆய்வகங்கள் தேடியது உறக்கத்தின் அமைப்பில் உள்ள குறையை: ஆழ்ந்த உறக்கம் எவ்வளவு, கனவு உறக்கம் எவ்வளவு என்று. உறக்கம் எத்தனை மணிக்கு வருகிறது என்பது அவற்றுக்குப் பெரிய கேள்வியாக இல்லை. விளக்கை எப்போது அணைப்பது என்பதையே பல இடங்களில் ஆய்வகம்தான் முடிவு செய்தது. பெற்றோர் கண்டது உண்மை, கருவி கண்டதும் உண்மை. இரண்டும் வேறு வேறு கேள்விகளுக்கு விடை.

சரியான கேள்வி வேறொரு துறையிலிருந்து வந்தது. நியூயார்க்கில் மான்டிஃபியோர் மருத்துவமனையில் எலியட் வைட்ஸ்மனும் அவருடைய குழுவினரும் 1981-இல் எழுதிய கட்டுரையில், உறக்கமின்மை என்று வந்த 450 பேரில் 30 பேர் ஒரு தனி வகையினர் என்று காட்டினர். இவர்களுக்கு நள்ளிரவில் உறக்கம் வராது. ஆனால் பின்னிரவு இரண்டுக்கோ நான்குக்கோ உறங்கிவிட்டால், எவரும் எழுப்பாத நாளில், முழு உறக்கமும் குறைவில்லாமல் கிடைக்கும். குறை உறக்கத்தில் இல்லை, அதன் நேரத்தில் இருக்கிறது என்று கண்டு, இதற்கு உறக்கக் கட்டத் தாமதம் என்று பெயரிட்டனர். அதுவரை இத்தகையோர் சோம்பேறிகள் என்றோ மனப் பதற்றம் உள்ளவர்கள் என்றோ ஒதுக்கப்பட்டு, வீணாக உறக்க மாத்திரை தின்றுகொண்டிருந்தனர். படுக்கை நேரத்தை முன்னே இழுப்பதற்குப் பதிலாக நாளுக்கு மூன்று மணி நேரம் வீதம் பின்னே தள்ளிக்கொண்டே போய், கடிகாரத்தைச் சுற்றி வந்து விரும்பிய நேரத்தில் நிறுத்தும் விந்தையான மருத்துவத்தையும் அதே குழு கையாண்டது.

இந்தப் புதிய துறைக்கு அடிப்படைகள் முன்பே இடப்பட்டிருந்தன. ஹைபோதலாமஸில், இரு கண் நரம்புகளும் குறுக்கிடும் இடத்துக்கு மேலே, ஏறத்தாழ 20,000 நரம்பணுக்களைக் கொண்ட ஓர் இணைக் கூட்டமே உடலின் நாட்கடிகாரம் என்பது 1972-இல் விலங்குகளில் தெரிய வந்தது. மூளையின் நடுவில் உள்ள பினியல் சுரப்பி இருட்டியதும் சுரக்கும் மெலடோனின் என்னும் பொருளை, தோல் மருத்துவரான ஆரன் லெர்னர் யேல் பல்கலைக்கழகத்தில் 1958-இல் பிரித்தெடுத்திருந்தார். மாட்டின் சுரப்பிகளிலிருந்து அதை எடுத்த அவர் தேடியது தோல் நிறத்துக்கான மருந்து என்பது அறிவியலின் தற்செயல்களில் ஒன்று. 1980-இல் ஆல்ஃபிரட் லூயி, மனிதரின் மெலடோனின் சுரப்பையும் 2,500 லக்ஸ் அளவுள்ள கடும் வெளிச்சம் நிறுத்திவிடும் என்று நிறுவினார். மங்கிய வெளிச்சத்தில் மாலை முதல் சிறிது நேரத்துக்கு ஒருமுறை எச்சிலை எடுத்துச் சோதித்தால், மெலடோனின் ஏறத் தொடங்கும் நேரம் தெரியும். அதுவே ஒருவருடைய உள்கடிகாரம் காட்டும் மாலைப் பொழுது. படுக்கையில் புரள்பவரின் சொல்லை நம்பலாமா வேண்டாமா என்னும் பழைய வழக்கு இந்தச் சோதனையோடு முடிவுக்கு வந்தது.

ஏடிஎச்டி நோயாளிகளிடம் இச்சோதனையைச் செய்து பார்த்தவர்கள் நெதர்லாந்து நாட்டினர். மார்செல் ஸ்மிட்ஸ், கிறிஸ்டியான் ஃபான் டெர் ஹெய்டன் முதலியோர் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், உறங்கத் தவிக்கும் ஏடிஎச்டி குழந்தைகளுக்கு, அத்தவிப்பு இல்லாத ஏடிஎச்டி குழந்தைகளைக் காட்டிலும், மெலடோனின் ஏறும் நேரம் ஏறத்தாழ முக்கால் மணி தாமதமாக இருந்தது தெரிந்தது. அவர்கள் அனைவரும் மருந்து உட்கொள்ளாதவர்கள் என்பதால் பக்கவிளைவு என்னும் பழைய விளக்கம் அங்கே பொருந்தவில்லை. ஹேக் நகரில் பெரியவர்களின் ஏடிஎச்டிக்கு மருத்துவம் செய்த சாண்ட்ரா கோய் குழுவினர் 2010-இல் பெரியவர்களிடமும் இதே தாமதத்தைக் கண்டனர். பிற்காலத் தொகுப்பாய்வுகள் குழந்தைகளில் சுமார் 45 நிமிடம், பெரியவர்களில் சுமார் 90 நிமிடம் என்று இத்தாமதத்தை மதிப்பிட்டு, ஏடிஎச்டி உள்ளோரில் ஏறத்தாழ முக்கால் பங்கினரிடம் உடலின் நாள் ஒழுங்கு பின்தங்கியிருப்பதாகக் கூறுகின்றன.

இந்த மூன்றாம் கண்டுபிடிப்பு நிலைத்ததற்கு மெலடோனின் சோதனை மட்டும் காரணமன்று. வளர்ந்தால் மறைந்துவிடும் என்று நம்பப்பட்ட இந்நிலை பெரியவர்களிடமும் தொடர்கிறது என்பது 1990-களில் பரவலாக ஏற்கப்பட்டது. அதன் பின் நோயாளியே தம் வாயால் பேசலானார். குழந்தையின் இரவை வேறொருவர் சொல்ல வேண்டும்; பெரியவர் தம் இரவைத் தாமே சொல்வார். எட்டு மணி அலுவலகத்துக்கு எழ முடியாமல் வேலை இழந்தவர், நள்ளிரவில்தான் மனம் தெளிந்து வேலை ஓடுகிறது என்பவர் ஆகியோரின் விவரங்கள் சிகிச்சையறைக்குள் நேரடியாக வந்தன. 1920-களின் வார்டுகளில் செவிலியர் செய்த பணியை எழுபது ஆண்டுகள் கழித்து நோயாளியே ஏற்றுக்கொண்டார் எனலாம்.

கடிகாரத்தை முன்னே நகர்த்தினால் கோளாறே தணியுமா என்பது இன்னும் தீராத வழக்கு. 2007-இல் 105 குழந்தைகளிடம் நடந்த நெதர்லாந்து ஆய்வில் மெலடோனின் உறக்கத்தை முன்கூட்டியே வரவழைத்தது; ஆனால் பகல் நேரக் கவனத்திலும் நடத்தையிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை. 2021-இல் பெரியவர்களிடம் நடந்த ஆய்வில் அரை மில்லிகிராம் மெலடோனின் உள்கடிகாரத்தை ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் முன்னே நகர்த்தியதோடு ஏடிஎச்டி அறிகுறிகளையும் 14 விழுக்காடு குறைத்தது. மருந்தை நிறுத்திய இரண்டு வாரத்தில் இரண்டும் பழைய நிலைக்கே திரும்பின. உறக்கத் தாமதமும் கவனக்குறைவும் ஒரே உடலியல் கோளாற்றின் இரு வெளிப்பாடுகளாக இருக்கலாம் என்று கோய் 2017 முதல் வாதிட்டு வருகிறார்; அது எல்லோருக்கும் பொருந்தும் என்று கொள்வது மிகை. உறங்கத் தவிப்போரில் சிலருக்குத் தொல்லை தருவது, ஸ்வீடன் மருத்துவர் எக்பாம் 1945-இல் விவரித்த அமைதியற்ற கால் நோயும் அதனோடு தொடர்புள்ள இரும்புச்சத்துக் குறைவுமாக இருக்கிறது, சிலருக்குப் பதற்றம், சிலருக்கு உண்மையிலேயே மருந்து உண்ட வேளை. எல்லாவற்றையும் ஒரே கடிகாரத்தில் மாட்டுவது, எல்லாவற்றையும் ஒரே புண்ணில் தேடிய பழைய பிழையைத் திரும்பச் செய்வதாகும்.

2013-இல் வந்த டி.எஸ்.எம். ஐந்தாம் பதிப்பு ஏடிஎச்டிக்கு 18 அறிகுறிகளைப் பட்டியலிடுகிறது. அவற்றில் ஒன்றுகூட உறக்கத்தைப் பற்றியதன்று, 2022-இன் திருத்தமும் அப்பட்டியலைத் தொடவில்லை. உறக்கக் கட்டத் தாமதம் அதே கையேட்டில் வேறோர் இயலில், வேறொரு நோயாக இருக்கிறது. இரண்டு இயல்களையும் ஒரே நோயாளிக்காகப் புரட்டிப் பார்க்கும் கடமை மருத்துவரின் விருப்பத்துக்கு விடப்பட்டுள்ள வரை, அதை அவருக்கு நினைவூட்டும் பொறுப்பு நோயாளிக்கும் வீட்டாருக்கும் உண்டு. வேலை நாளில் எத்தனை மணிக்கு உறக்கம் வந்தது, விடுமுறை நாளில் எவரும் எழுப்பாதபோது எத்தனை மணிக்கு உறங்கி எத்தனை மணிக்கு விழிப்பு வந்தது, மருந்து உண்ட வேளை எது என்று இரண்டு வாரம் குறித்த ஒரு தாளை முதல் சந்திப்பிலேயே, இயன்றால் மருந்து தொடங்குவதற்கு முன்பே, மருத்துவர் முன் வைப்பது நலம்.